எடுத்துப்போட்ட மூன்றாவது படம்

போர் முடிவதற்கு முந்தைய வருஷம், கொழும்பில் ஒரு சின்னக் கம்பெனியில் கைத்தொலைபேசிக்குள் ஓடும் நிரல்களை எழுதிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்துப் போன்களுக்குத் தமிழ் தெரியாது. தமிழ் எழுத்தைக் கொடுத்தால் வெற்றுக் கட்டங்களாகக் காட்டும். திரையில் தமிழில் ஒரு சொல் வர வேண்டும் என்றால் அதைப் படமாக வரைந்து உள்ளே வைக்க வேண்டும். மவுஸைப் பிடித்துக்கொண்டு புள்ளி புள்ளியாக வைப்பேன். ஒரு ‘லை’ ஒழுங்காக வருவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். பக்கத்து மேசைக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, கோலம் போடுகிறாயா என்று கேலி செய்வார்கள்.

அப்படி ஒரு வேலைக்காக மூன்று படங்கள் வரைந்தேன். ‘பெயர் உண்டு’, ‘பெயர் இல்லை’, ‘காத்திருக்கவும்’. மூன்றாவதை நானே எடுத்துப்போட்டேன். இத்தனை வருஷம் கழித்து அதை நினைத்தால் எனக்கு அலுப்பாகத்தான் இருக்கிறது. அழுகையும் ஆத்திரமும் வந்து ஓய்ந்துவிட்டன. அலுப்பு மட்டும் விடுவதாக இல்லை.

வேலை வந்தது எங்கள் பக்கத்திலிருந்துதான். கேகாலை மாவட்டத்துத் தோட்டங்களில் கண் நோய்க்காரர்களுக்கு உதவும் ஒரு சேவை அமைப்பு எங்கள் கம்பெனியைத் தேடி வந்தது. ஆஸ்பத்திரியில் கண் அறுவைக்குப் பதிந்தவர்களுக்கு நாள் குறித்ததும் கடிதம் போடுவார்கள். கடிதம் தோட்டத்துக்கு வந்து சேரும், ஆளுக்கு வந்து சேராது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராக்களுக்கென்று, அந்த வரிசை வீடுகளுக்கென்று, விலாசம் கிடையாது. எல்லாக் கடிதமும் தோட்டத்து ஆபீசுக்கு வந்து ஒரு தட்டில் கிடக்கும். யாராவது போய்க் கேட்டால்தான் கைக்கு வரும்.

அந்தக் கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. ஆபீஸ் படிக்குக் கீழே நின்று, தலையில் இருக்கும் துணியை எடுத்துவிட்டு, “ஐயா, கடுதாசி ஏதும் இருக்குங்களா?” என்று கேட்க வேண்டும். ஒரே ஒரு தடவை. உள்ளே இருப்பவர் தட்டைப் பார்த்துவிட்டும் சொல்லலாம், பார்க்காமலும் சொல்லலாம். ‘இல்லை’ என்று வந்துவிட்டால் திரும்பி நடக்க வேண்டியதுதான். இன்னொரு தடவை வாயைத் திறந்தால், “ஒரு தடவ சொன்னா வெளங்காதா?” என்று விழும். எட்டு வயதில் எனக்கு விழுந்திருக்கிறது, அதுவும் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நின்ற ஆட்கள் எல்லோர் முன்னாலும். அதன் பிறகு நான் எந்த ஆபீசிலும் இரண்டாம் தடவை கேட்டதில்லை. எங்கள் லயத்தில் யாரும் கேட்டு நான் பார்த்ததுமில்லை.

இதற்காகத்தான் போன். ஒவ்வொரு தோட்டத்து டிஸ்பென்சரிக்கும் ஒரு போன் கொடுப்பார்கள். டிஸ்பென்சரி ஐயா அதில் நோயாளியின் இலக்கத்தை அடித்தால், நாள் குறித்தாகிவிட்டதா இல்லையா என்று திரை சொல்லிவிடும். கடிதம், தட்டு, படி எதுவும் வேண்டாம். கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. எங்கள் தோட்டமும் பட்டியலில் இருந்தது. நானே எழுதுகிறேன் என்று முந்திக்கொண்டு கையைத் தூக்கினேன்.

இதில் ஒரே ஒரு சங்கடம் இருக்கிறது. போனைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும், நாள் குறித்தவர்களின் பட்டியல் எங்கோ இருக்கும் ஒரு கணினியிலிருந்து புதிதாக வர வேண்டும். அது வரும்வரை போன் அப்படியே நின்றுவிட்டால் பொத்தான் எதுவும் அமுங்காது. பிடித்திருப்பவர் போன் செத்துவிட்டது என்று பேட்டரியைக் கழற்றிவிடுவார். அதனால் நிரலை இரண்டாகப் பிரிப்போம். ஒரு பாதி போய்ப் பட்டியலை வாங்கிக்கொண்டு வரும், மறுபாதி அதுவரை திரையைப் பார்த்துக்கொள்ளும். கடைக்கு ஆள் அனுப்பிவிட்டு நாம் அடுப்பைப் பார்க்கிறோம் அல்லவா, அதே கதைதான். கருவாடு வந்ததும் குழம்பில் போட்டுக்கொள்ளலாம். அது வரும்வரை சாப்பிட வந்தவரிடம் என்ன சொல்வது என்பதுதான் கேள்வி. அதற்காகத்தான் ‘காத்திருக்கவும்’ என்ற படத்தை வரைந்திருந்தேன். மூன்றில் அதுதான் நன்றாக வந்திருந்தது.

எங்கள் மேலாளர் என்னைவிட இரண்டு வயது சின்னவர், கெட்டிக்காரர். அவர் நிரலைப் போட்டுப் பார்த்தார். கொழும்பில் சிக்னலுக்கு என்ன குறைச்சல்? ‘காத்திருக்கவும்’ ஒரு மின்னல் மின்னிவிட்டு மறைந்தது. “இது என்ன, கண்ணை உறுத்துகிறது?” என்றார். விளக்கினேன். காத்திருக்கச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது, திரை தொட்டதும் பதில் சொல்ல வேண்டும், அப்போதுதான் வேகமாக இருக்கிறது என்று நம்புவார்கள் என்றார். தவிர, கொடுக்கப்போவது மலிவான போன்கள், உள்ளே இடம் கொஞ்சம்தான், ஒரு படம் குறைந்தால் நல்லது. எனக்கும் சரியென்று பட்டது. அவர் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் நல்லவனாக நிற்கப் பார்ப்பதில் அர்த்தமில்லை. உண்மையிலேயே சரியென்றுதான் பட்டது. படத்தை எடுத்துப்போட்டேன்.

அதன் பிறகு நிரலுக்கு இரண்டே நிலைதான் தெரியும். பட்டியலில் இலக்கம் இருந்தால் ‘பெயர் உண்டு’, அதன் கீழே நாள். இல்லாவிட்டால் ‘பெயர் இல்லை’. பட்டியலே இன்னும் வந்து சேரவில்லை என்றால்? வராத பட்டியலில் யாருடைய இலக்கமும் இருக்காது. அப்போதும் ‘பெயர் இல்லை’ என்றே காட்டும், பட்டியல் வந்து விழுந்ததும் தானாக மாறிக்கொள்ளும். கொழும்பில் அந்த இடைவெளி கண் சிமிட்டும் நேரம். மாவனல்லையில் ஒரு மண்டபத்தில் டிஸ்பென்சரி ஐயாமாரைக் கூட்டிப் பழக்கிக் காட்டியபோதும் அப்படித்தான் இருந்தது. அடித்ததும் பதில் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். வடையும் பிளேன்டீயும் கொடுத்து அனுப்பினோம்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அரநாயக்கப் பக்கம் எங்கள் தோட்டத்தில் மேலே தேயிலை, கீழே ரப்பர். அக்கா ரப்பரில் பால் வெட்டுகிறவள். அத்தான் இறந்து, மகளை நிவித்திகலப் பக்கம் கட்டிக்கொடுத்த பிறகு லயத்துக் காம்பராவில் தனியாக இருந்தாள். வாய் கொஞ்சம் நீளம். நான் கொழும்பிலிருந்து போனால், “வாங்க தொர, கால் நோவுதா, பல்லக்கு அனுப்பவா?” என்பாள். தோட்டத்தில் அவளுடைய கத்திக்கு ஒரு பெயர் இருந்தது. பால் வெட்டுவதில் ஆழம்தான் எல்லாம். பட்டையில் கத்தி ஒரு மயிரிழை கூடப் போனால் மரம் காயப்பட்டுவிடும், ஒரு மயிரிழை குறைந்தால் பால் வராது. கண்ணால் அளந்து கையால் நிறுத்த வேண்டும். புதிதாக வெட்டப் பழகுகிறவர்களைக் கங்காணி அக்காவின் மரங்களுக்குத்தான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்.

ஒரு நாள் காய்ந்த பட்டைச் சில்லு ஒன்று தெறித்து வலது கண்ணில் பட்டது. இரண்டு நாள் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள். பிறகு கண்ணில் வெள்ளை படர ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில், உள்ளே இருக்கும் வில்லை கெட்டுவிட்டது, எடுத்தால் பார்வை திரும்பும், ஆனால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறது, ரொம்ப நாள் தள்ள முடியாது என்றார்கள். சொட்டு மருந்து கொடுத்துப் பெயரைப் பதிந்துகொண்டார்கள். நாள் குறித்ததும் டிஸ்பென்சரிக்குத் தகவல் வரும், வாராவாரம் போய்க் கேளுங்கள் என்று அனுப்பினார்கள். ஒற்றைக் கண்ணால் ஆழத்தை அளக்க முடியாது. அந்தக் கண் போனால் அக்காவின் கத்தியும் போய்விடும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் ஒரு பாறை இருக்கிறது. அதில் ஏறினால்தான் லயத்துப் பக்கம் சிக்னல். அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஏறி, மகள் விட்டுப்போன பழைய போனில் என்னைக் கூப்பிடுவாள்.

“தம்பி, டிஸ்பென்சரியில புதுசா ஒரு போன் வச்சிருக்காங்கடா. நம்பர அடிச்சா தமிழ்ல பதில் வருதாம்.”

“அது நான் செஞ்சதுக்கா.”

பாறையில் நின்றபடி கத்தினாள்.

“மெய்யாவா? அந்த எழுத்தெல்லாமா?”

“எழுத்தெல்லாம் நான்தான் வரைஞ்சேன்.”

“அடேங்கப்பா. பள்ளிக்கூடத்துல உன் கையெழுத்துக்கு வாத்தியார் அடிக்காத நாள் இல்ல.”

அந்த வாரமே தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டபோது, ஐயா அடித்துப் பார்த்தார், பெயர் இல்லையாம் என்றாள். அதற்கடுத்த வாரமும் இல்லை, அதற்கடுத்த வாரமும் இல்லை. கண் வலிக்கிறதா என்று கேட்டால், பேச்சை மாற்றி வானிலையைப் பற்றிச் சொல்வாள். ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ கேட்டாள்.

“பக்கத்துக் காம்பரா பொம்பள சொல்றா, ஒருக்கா ஆஸ்பத்திரிக்கே நேராப் போயிப் பாருன்னு. போகவாடா?”

அன்றைக்கு நான் சொன்னதை மாற்றிச் சொல்ல முடிந்தால் என் மீதி ஆயுளில் ஒரு பகுதியைக் கொடுத்துவிடுவேன்.

“என்னத்துக்குக்கா ஒருநாள் வேலையக் கெடுத்துக்கிட்டு? அங்கயும் அதே பட்டியல்தான். அதுல இல்லைன்னா இல்லதான். வந்தா காட்டும்.”

“அதத்தான் நானும் அவகிட்டச் சொன்னேன். எந் தம்பி செஞ்சது, பொய் சொல்லாதுன்னேன்” என்றாள் அக்கா.

தோட்டத்துக் கோவில் திருவிழாவுக்காக லீவு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். வழியெல்லாம் சோதனைச் சாவடி. அடையாள அட்டையைக் காட்டி, இறங்கி, ஏறி, இறங்கி, ஏறி, மாவனல்லையில் பஸ் மாறி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது எனக்குச் சாமியும் வேண்டாம், திருவிழாவும் வேண்டாம், ஒரு பாய் கிடைத்தால் போதும் என்றிருந்தது. அக்காவைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது. வலது கண் பால் ஊற்றிய மாதிரி இருந்தது. சுற்றிலும் சிவப்பு. தலையைச் சாய்த்து இடது கண்ணால்தான் என்னைப் பார்த்தாள்.

“இளைச்சுட்ட. கொழும்புல சோறு போட மாட்டாங்களா?” என்றாள்.

மறுநாள் டிஸ்பென்சரிக்கு நானும் கூடப் போனேன். நண்பகல் ஆகிவிட்டது, ஏனென்றால் பால் வெட்டுகிறவர்களுக்கு அதற்கு முன் ஒழிவில்லை. விடியும் முன் வெட்டப் போக வேண்டும், பால் வடியும்வரை நின்று சிரட்டை சிரட்டையாகச் சேர்க்க வேண்டும், வாளியில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுத்துக் கொடுத்த பிறகுதான் கால் விடுதலை. காலையில் வந்த கூட்டமெல்லாம் மருந்து வாங்கிக்கொண்டு போயிருந்தது. ஐயா கதவைச் சாத்தப் போகிற நேரம். அவர் சிங்களவர், நல்ல மனுஷர். அக்காவைப் பார்த்ததும் முகம் சுளிக்காமல் மேசை லாச்சியைத் திறந்து போனை எடுத்தார். அணைத்து வைத்திருந்தார். திறந்தார். விறாந்தையின் கோடிக்கு வந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கமாகக் கையை நீட்டிப் பிடித்தார், அங்கேதான் ஒரு கோடு சிக்னல் விழும். அக்காவின் இலக்கத்தைப் பார்க்காமலே அடித்தார். அவருக்கு அது மனப்பாடமாகியிருந்தது.

நான் வரைந்த எழுத்தில், கொஞ்சமும் பிசகாமல், ‘பெயர் இல்லை’ என்று வந்தது.

“நம நே, அக்கே. லபன சதியே எண்ட” என்றார் ஐயா. பெயர் இல்லை, அடுத்த வாரம் வா.

அக்கா சரிங்க ஐயா என்று சொல்லி, அப்போதே திரும்பிப் படியிறங்கிவிட்டாள். ஐயாவின் கட்டைவிரல் போனை அணைக்கப் போனது. எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. என் வேலை ஒரு தோட்டத்தில் ஓடுவதை அப்போதுதான் முதன்முதலில் பார்க்கிறேன், இன்னும் கொஞ்சம் பார்க்க ஆசையாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். “ஐயா, ஒருக்கா தாங்க” என்று வாங்கிக்கொண்டேன். எழுத்து வெயிலில் தெரிகிறதா என்று சாய்த்துப் பார்த்தேன். ஐயா என்னிடம் கொழும்பு நிலைமையைப் பற்றிக் கேட்டார். பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம் போயிருக்கும். கையில் இருந்த திரை தானாக ஒரு தடவை வெளுத்தது.

‘பெயர் உண்டு’.

கீழே நாள். ஐந்து வாரத்துக்கு முன்னால் போய்விட்ட ஒரு வியாழக்கிழமை.

எனக்கு அங்கேயே எல்லாம் விளங்கிவிட்டது. அதுதான் இந்தத் தொழிலின் சாபம், பிழையைக் காட்டினால் போதும், ஏன் என்று மண்டை தானாகக் கணக்குப் போட்டுவிடும். காலையில் கூட்டம் இருக்கும்போது போன் விறாந்தைக் கோடியில் திறந்தே கிடக்கும். முதலில் வருகிறவருக்கு வேண்டுமானால் ‘இல்லை’ என்று காட்டும். பட்டியல் வந்து சேர்ந்த பிறகு வருகிற எல்லோருக்கும் சரியான பதில். அதனால்தான் ஒருவரும் குறை சொல்லவில்லை. நண்பகலில், அணைத்து வைத்த போனைத் திறக்க வைத்து, தனியாக வந்து கேட்கிறவள் அக்கா ஒருத்திதான். ஒவ்வொரு வாரமும் பட்டியல் வந்து சேருவதற்குள் ஐயா போனை அணைத்துவிட்டார், அக்கா படி இறங்கிவிட்டாள். ‘இல்லை’ என்று எழுத்தில் போட்ட பிறகு மேலே நிற்பதற்கு என்ன இருக்கிறது? கொழும்பில் யாராக இருந்தாலும் இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்திருப்பார்கள். எங்கள் ஆட்கள் அமுக்க மாட்டார்கள். இது எங்கள் மேலாளருக்குத் தெரிய நியாயமில்லை. எனக்குத் தெரியும்.

“ஐயா, பேரு இருக்கு” என்றேன். ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் அக்கா லயத்துக்கே போய்விட்டிருந்தாள்.

மறுநாள் கோவிலில் மேளம் அடிக்கும்போது நாங்கள் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றோம். பதிவுப் புத்தகத்தில் அந்த வியாழக்கிழமைக்கு நேரே, ‘வரவில்லை’ என்று சிங்களத்தில் எழுதியிருந்தது. நர்ஸ் அதைக் காட்டி, ஏன் வரவில்லை என்று கேட்டாள். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார், அழுத்தம் பார்த்தார், கையை ஆட்டி எத்தனை விரல் என்று கேட்டார். வெளிச்சம் மட்டும் தெரிகிறது என்றாள் அக்கா. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். உள்ளே நரம்பு கெட்டுவிட்டது, இனி வில்லையை எடுத்தாலும் பார்வை வராது, வலி குறைய வேண்டுமானால் ஏதாவது செய்யலாம் என்றார். அன்றைக்கே வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு தேநீர்க்கடையில் உட்கார்ந்தோம். அக்காவிடம் சொல்லாமல் இருக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். போன் நெட்வொர்க் சரியில்லை, மழை, அது இது என்று அளந்தால் நம்பியிருப்பாள். முடியவில்லை. சொன்னேன். பட்டியல் வந்து சேர நேரம் எடுக்கும், அதுவரைக்கும் காட்ட ஒரு படம் வரைந்தேன், பிறகு நானே எடுத்துவிட்டேன், அதனால் வராததையும் இல்லை என்று காட்டிவிட்டது என்றேன். தேநீர் ஆறியது.

“என்னான்னு வரைஞ்சிருந்த?” என்றாள்.

“காத்திருக்கவும்னு.”

“அத எதுக்கு எடுத்த?”

“ஆளுங்களுக்குக் காத்திருக்கப் புடிக்காதுன்னு சொன்னாங்கக்கா.”

அக்கா என்னை அடித்திருக்கலாம். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“யாருக்குடா புடிக்காது? பெரட்டுல நிக்கிறோம், நிறுக்கிற எடத்துல நிக்கிறோம், ஆபீசுல நிக்கிறோம், ஆஸ்பத்திரியில நிக்கிறோம். நிக்காத எடம் எது? இல்லைன்னு போட்டா நான் எதுக்கு அங்கன நிக்கப்போறேன்? இன்னும் வரலைன்னு ஒரு வார்த்த போட்டிருந்தா, அன்னிக்குப் பூரா உக்காந்திருப்பேனேடா. நீயே அந்த லயத்துல பொறந்தவன். உனக்குமா தெரியாது?”

நான் அழுதேன். தேநீர்க்கடையில் முப்பது வயது ஆம்பிளை அழுதால் எல்லோரும் பார்ப்பார்கள், பார்த்தார்கள். அக்கா கிளாசை என் பக்கம் தள்ளி, “போதும், டீயக் குடி. பஸ்ஸு வருது” என்றாள்.

கொழும்புக்குத் திரும்பி, படத்தைத் திரும்ப உள்ளே வைத்தேன். பட்டியல் வந்துவிட்டதா இல்லையா என்று பார்க்க ஒரு வரி, வராவிட்டால் அந்தப் படத்தைக் காட்ட ஒரு வரி. பத்து நிமிஷ வேலை. மேலாளர் வந்து, மறுபடியும் கண்ணை உறுத்துகிறதே என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஆபீசில் குரலை உயர்த்தினேன். என்ன பேசினேன் என்று ஒழுங்காக நினைவில்லை. முடிக்கும்போது அவர் வெள்ளைத்தாள் மாதிரி நின்றுகொண்டிருந்தார். மாலையில் என் மேசைக்கு வந்து, உன் அக்காவுக்கு நான் ஏதாவது செய்யலாமா என்று கேட்டார். செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

புதிய நிரலைக் கேபிள் செருகித்தான் போனில் ஏற்ற வேண்டும். அனுப்பிவைத்தால் எத்தனை பேர் ஏற்றுவார்கள்? நானே போனேன். மூன்று வாரம், தோட்டம் தோட்டமாக. பஸ் போகும் இடம்வரை பஸ், அதன் பிறகு நடை. அட்டைக்கடி, மழை, சாவடி, நாய். ஒவ்வொரு டிஸ்பென்சரியிலும் போனை அணைத்து, திறந்து, அந்த மூன்றாவது படம் வருகிறதா என்று பார்த்தேன். அந்த நேரம் யார் யாருக்கு இப்படி நாள் தவறிப் போயிருக்கும் என்று கேட்கப் பயமாக இருந்தது. இரண்டு இடங்களில் அவர்களாகவே சொன்னார்கள். ஒருவருக்கு நல்லவேளையாக வேறு நாள் கிடைத்திருந்தது. மற்றவரைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

எங்கள் தோட்டத்துக்குக் கடைசியாகப் போனேன். வேண்டுமென்றேதான் கடைசிக்குத் தள்ளினேன். அக்காவைப் பால் வெட்டிலிருந்து எடுத்துப் புல் வெட்டப் போட்டிருந்தார்கள். அவளுடைய மரங்களை வேறு ஒருத்தி வெட்டுகிறாள், பட்டையெல்லாம் காயம் என்று கங்காணியே என்னிடம் குறைப்பட்டார். டிஸ்பென்சரி விறாந்தையில் ஐயா போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளியே நின்றார். ஏற்றி முடித்து, அணைத்துத் திறந்தேன். வலியைக் குறைக்கும் சிகிச்சைக்காக அக்காவுக்கு இன்னொரு நாள் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதைக் கேட்க அவளும் வந்திருந்தாள். அவள் இலக்கத்தை அடித்தேன்.

“என்னாடா போட்டிருக்கு?”

“காத்திருக்கவும்னு போட்டிருக்குக்கா.”

“ஆங்.”

அக்கா தலைத்துணியை அவிழ்த்துப் படியில் விரித்து உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டாள். சாயங்காலம்வரைக்கும் இருக்கப்போகிறவள் மாதிரி சேலையைச் சரிசெய்துகொண்டு, இடுப்பிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்து மடியில் பரப்பினாள். பாக்குவெட்டி முதல் தடவை பாக்கின் மேல் விழவில்லை. விரலால் தடவிப் பார்த்து, இரண்டாம் தடவை வெட்டினாள். வெற்றிலையின் காம்பைக் கிள்ளினாள். சுண்ணாம்பு டப்பாவைத் திறந்தாள்.

என் கையில் திரை வெளுத்தது.

“வந்துருச்சுக்கா. பேரு இருக்கு. வர்ற வெள்ளிக்கிழமை.”

சுண்ணாம்பு எடுத்த விரல் அப்படியே நின்றது. அக்கா தலையைச் சாய்த்து இடது கண்ணால் என்னைப் பார்த்தாள்.

“அதுக்குள்ளயா?”

“ஆமாக்கா.”

“அன்னிக்கும் இவ்வளவு நேரந்தானா?”

ஆமா என்றேன். அக்கா விரலில் இருந்த சுண்ணாம்பைப் படியில் துடைத்துவிட்டு, வெட்டிய பாக்கை ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டு இழுத்துக் கட்டினாள்.